ஏழரைக் கிலோவும் ஒரு சொல்லும்

1

இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல. ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து பெயர்த்து எழுதுகிறேன். என் பத்து மாத மகன் ரஞ்சன் சாப்பிட மறுத்த ஒவ்வொரு வேளையையும் அந்த நோட்டில் குறித்து வைத்திருந்தேன். ஏழு வருடம் வாடிக்கையாளர் சேவையில் இருந்தவனின் கைப்பழக்கம், விடவில்லை. ஒரு பதிவைக் காட்டுகிறேன்:

தேதி 6. நேரம் 11.10. பொருள்: கேரட் மசியல். வாடிக்கையாளர் மூன்று முறை மறுத்தார். எடுத்த நடவடிக்கை: தட்டு அகற்றப்பட்டது. வாடிக்கையாளர் அழுதார்.

இதைப்போல முப்பத்துமூன்று பதிவுகள். ஒரு நாளைக்கு மூன்று வீதம் பதினோரு நாள். சனி, ஞாயிறு எனக்கு விடுமுறை. இப்போது புரட்டினால் ஒவ்வொன்றும் எனக்கெதிரான சாட்சியாக இருக்கிறது. எப்படி என்று இங்கேயே சொன்னால் நீங்கள் அடுத்த பகுதிக்கு வரமாட்டீர்கள். அதனால் மறைக்கிறேன். [மறைப்பதைச் சொல்லிவிட்டு மறைப்பது நேர்மையில் சேருமா, தந்திரத்தில் சேருமா? பிறகு யோசிக்கலாம். யோசிக்கவில்லை.]

2

தொடக்கங்கள்.

“லாலாகுடா ரயில்வே பட்டறையின் சங்கு ஊதியபோது குழந்தை—”

நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டுக்கு அந்தச் சங்கு கேட்காது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் ஜெனரேட்டர்தான் கேட்கும்.

“குழந்தையின் முதல் உணவு என்பது ஒரு பண்பாட்டின் முதல்—”

இதை எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாது. அவன் ஒரு நாளும் கேரட் மசித்திருக்க மாட்டான்.

“ரோகிணி அழுதபடியே பெட்டியை மூட—”

இந்த வரியை ரோகிணி படித்துவிட்டாள். ரோகிணி என் மனைவி.

“நான் எங்க அழுதேன்? பெட்டி ஜிப்பு மாட்டிக்கிச்சு லா. நீங்கதான் பக்கத்துல நின்னுக்கிட்டு அழற மாதிரி மூஞ்சிய வெச்சிருந்தீங்க.”

அடித்துவிட்டேன். என் மூஞ்சியைப் பற்றி அவள் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை.

நான்காவது தொடக்கம் வெறும் தகவல். அதையே வைத்துக்கொள்கிறேன்:

ரஞ்சனுக்குப் பத்து மாதம். எடை ஏழரைக் கிலோ.

குழந்தை மருத்துவர் ஆந்திராக்காரர். எடை மேடையைப் பார்த்துவிட்டு “செவன் பாயிண்ட் ஃபைவ்” என்றார். அவருக்கு அது ஓர் எண். தமிழனிடம் ஏழரை என்று சொன்னால் அவன் சனிப் பெயர்ச்சியைப் பார்க்கப் போவான். போன மாதமும் ஏழரை. அதற்கு முந்தின மாதம் ஏழு நானூறு. “தாய்ப்பால் மட்டும் போதாது, சாலிட்ஸ் ஆரம்பிங்க” என்றார். நாங்கள் நான்கு மாதமாக ஆரம்பித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ரோகிணி டிக்கெட் போட்டாள். இருபத்தோராம் தேதி, கோலாலம்பூருக்கு. அவளுக்கும் பிள்ளைக்கும்.

“அதுக்குள்ள சாப்பிட்டான்னா கேன்சல் பண்ணிக்கலாம். இல்லன்னா ஆறு மாசம் கிள்ளான்ல இருந்து பார்க்கறேன். எங்க அக்கா பார்த்துக்கும்.”

எங்களிடம் இருந்தது மூன்று வாரம்.

3

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். கதையை உருவிப் பிரித்துக் காட்டுவதாக நினைத்தாலும் பரவாயில்லை.

என் பெயர் தேவராஜ். என் கொள்ளுத்தாத்தா சென்னை மாகாணத்திலிருந்து செகந்திராபாத் ரயில்வேக்கு வேலைக்கு வந்தவர். அப்போதிருந்து நாங்கள் இங்கே லாலாகுடாவில்தான். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, ஆட்டோவில் தக்கனி உருது, கோபத்தில் மூன்றும். வேலையைப் பற்றி: அமெரிக்கர்களின் மைக்ரோவேவ் அடுப்புகளுக்கு இரவெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு பெண்மணி பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். அவர் நாற்பது நிமிடம் காத்திருந்து, “பாவம், தூங்கட்டும்” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்திருக்கிறார். எல்லாம் பதிவாகியிருந்தது. மேலாளர் அதைப் பயிற்சி வகுப்பில் போட்டுக் காட்டினார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. [நீக்கினார்களா, விட்டேனா என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து உண்டு.]

ரோகிணி கிள்ளான்காரி. மலேசியா. அங்கே தமிழ்ப்பள்ளியில் படித்தவள். அவள் பேச்சில் வரும் ‘லா’ அந்த ஊருடையது. எங்கள் கம்பெனியின் கோலாலம்பூர் கிளையிலிருந்து இங்கே மாற்றலாகி வந்தாள். நான் வேலை முடிந்து காலை ஏழு மணிக்குக் கேண்டீனில் இரவுச் சாப்பாடு சாப்பிடுவேன். அவள் அப்போதுதான் உள்ளே வருவாள். முதல் நாள் எதிரே உட்கார்ந்து கேட்டாள்:

“பசியாறிட்டீங்களா?”

என் பசி ஆறிவிட்டதா என்று அதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. “இன்னும் இல்ல” என்றேன். எட்டு மாதத்தில் கல்யாணம். மலேசியாவில் பசியாறுவது என்றால் காலை டிபன் சாப்பிடுவது, அவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

ஆக, இந்த வீட்டில் வெளிநாட்டில் வாழ்கிறவள் அவள். நான் பிறந்த ஊரிலேயே இருக்கிறேன். ஆனால் தமிழில் வெளிநாட்டுக்காரன் நான்தான்.* என் பேச்சில் ஹவ், நக்கோ, கைக்கு எல்லாம் தெறிக்கும். ‘ஆமாம்’, ‘வேண்டாம்’, ‘எதற்கு’ என்று பொருள். ரோகிணிக்கு அது பிடிபடுவதில்லை. அவள் ஆபீஸ் நகரத்தின் மறுகோடியில், கண்ணாடிக் கட்டடத்தில், முழுக்க ஆங்கிலம். அதனால் அவளிடம் பேசும்போது மட்டும் நான் தமிழை இஸ்திரி போட்டுப் பேசுவேன். இந்த மரியாதைதான் கடைசியில் என்னைக் கவிழ்த்தது. [அவசரப்படுகிறேன்.]

* நான் எழுத்துக் கற்றது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். இந்தக் கதையில் ர, ற சரியாக இருந்தால் அது ரோகிணி திருத்தியது. தப்பாக இருந்தால் அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று பொருள்.

4

ரோகிணி காலை எட்டுக்குக் கிளம்பினால் மாலை ஏழுக்கு வருவாள். இடையில் ரஞ்சனும் நானும், அவள் எடுத்துவைத்துவிட்டுப் போகும் ஒரு புட்டித் தாய்ப்பாலும்.

சமைத்தவை: கேரட், சர்க்கரைவள்ளி, பருப்புச் சாதம், கேழ்வரகுக் கஞ்சி, ஆப்பிளை ஆவியில் வேகவைத்து ஒன்று. கிள்ளான் அக்கா வீடியோவில் சொல்லித்தந்தபடி நெத்திலி போட்ட அரிசிக் கஞ்சி. அந்த அக்கா பிள்ளைகள் காப்பகம் நடத்துகிறார். அவர்கள் ஊரில் அதை ஆயாக்கொட்டாய் என்பார்கள். இருபது பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஒரே கரண்டியால் ஊட்டுவார். திரையில் அதை என்னிடம் காட்டினார். எனக்கு அது மிரட்டலாகத்தான் பட்டது.

என் முறை எளியது. மசித்ததைச் சுட்டுவிரலில் தொட்டு, ரஞ்சனின் உதட்டருகே நீட்டி, “நக்கு, நக்கு கண்ணா” என்பேன். அவன் விரலை ஒரு விஞ்ஞானியைப்போலப் பார்ப்பான். பிறகு தெளிவாக, கை தட்டி, சொல்வான்:

“நக்கோ.”

அதுதான் அவனுடைய முதல் சொல். எனக்கு வருத்தத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. கிள்ளானுக்குப் பேரன்தான், ஆனால் வேண்டாம் என்பதை எங்கள் ஊர்ச் சொல்லால் சொல்கிறான். “நக்கோவா?” என்பேன். “நக்கோ! நக்கோ!” என்பான். மூன்றாகிவிட்டது. தட்டை எடுத்துவிடுவேன். உடனே கத்தி அழுவான். அந்த அளவுக்கு வெறுப்பு என்று நோட்டில் குறித்துக்கொள்வேன்.

ஏன் மூன்று? இங்கேதான் ஸ்டெல்லா ஆன்ட்டி வருகிறார். எதிர் வீடு. எனக்கு இந்தப் பாத்திரத்தின்மேல் கடுமையான சந்தேகம் இருக்கிறது. கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: “ஸ்டெல்லா ஆன்ட்டி, ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.” ஒரு நாள் வந்து ரஞ்சன் அழுவதைப் பார்த்தார்.

“கைக்கு அவனைப் போட்டு இப்டி படுத்துற? நக்கோங்கறான்ல, விட்டுடு.”

“எடை ஏறலயே ஆன்ட்டி.”

“மூணு தடவை நக்கோ சொன்னா பிளேட்டைத் தூக்கிடணும் தேவராஜ். ஜபர்தஸ்தி பண்ணக் கூடாது. பசிச்சா தானா வழிக்கு வரும்.”

நர்ஸ் சொன்னால் மறுபேச்சு ஏது. மூன்று முறை விதியை வேதமாகப் பிடித்துக்கொண்டேன்.

கதையைத் திருத்தும்போது உறுதிசெய்துகொள்ளலாம் என்று போன திங்கட்கிழமை அவரிடம் போனேன்.

“நான் எப்ப நர்ஸுன்னு சொன்னேன்? ஆஸ்பத்திரி ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டு நான்.”

“அப்ப அந்த மூணு தடவை ரூல்?”

“அது எங்க ஆபீஸ் ரூலு. மூணு மெமோ குடுப்பாங்க, அப்புறம் சஸ்பெண்டு.”

ஆக, என் மகனைப் பதினோரு நாள் சஸ்பெண்டில் வைத்திருந்தேன்.

5

மாலை ஏழு மணிக்கு ரோகிணி செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள். “சாப்பிட்டானா?”

“வேண்டாம் என்கிறான்.”

கவனியுங்கள். நக்கோ என்கிறான் என்று சொல்லவில்லை. அவளுக்காக நல்ல தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் பையைக் கீழே வைப்பதற்குள் ரஞ்சன் அவள்மேல் ஏறிவிடுவான். பகல் முழுக்கச் சேர்த்துவைத்த பசியை அவளிடம்தான் தீர்த்துக்கொள்வான். ஒரு நாள் அவள் பால் கொடுத்தபடியே உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிட்டாள். கையில் பாதி கடித்த சப்பாத்தி. என் பங்குக்கு நான் அந்தச் சப்பாத்தியை வாங்கி வைத்தேன்.

[இந்த இடத்தில் கொஞ்சம் உருக்கமாக எழுதலாம். எழுதிப் பார்த்தேன். “அவளுடைய களைத்த விரல்களில்—” வேண்டாம். அவள் களைத்திருந்தாள். அது போதும்.]

சனி, ஞாயிறுகளில் அவளும் முயன்றாள். பேசாமல் கரண்டியை நீட்டுவாள். அவன் கரண்டியைத் தள்ளிவிட்டு அவள் ரவிக்கையைப் பிடித்து இழுப்பான். பால் பக்கத்திலேயே இருக்கும்போது கேரட்டை யார் தின்பார்கள். “நக்கு” என்று அவள் சொல்லவில்லை. அதனால் அவனும் எதுவும் சொல்லவில்லை. இது உங்களுக்குப் புரிந்துவிட்டதா? எனக்குப் புரியவில்லை. நான் உள்ளூர்க்காரன்.

6

பதினேழாம் தேதி, ஞாயிறு. வீட்டுச் சமையல்மேல் எல்லோருக்கும் நம்பிக்கை போயிருந்தது. காலையில் செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் ஓர் இரானி ஹோட்டலுக்குப் போனோம். ரோகிணிக்கு அங்கே கிச்சடி பிடிக்கும். மஞ்சள் பருப்பும் அரிசியும் குழைய வெந்திருக்கும், தொட்டுக்கொள்ளக் கட்டா, எள்ளும் புளியும் கலந்த சாறு. இந்த ஊரில் அவள் ஏற்றுக்கொண்ட ஒரே பசியாறல் அது.

ரஞ்சன் என் மடியில். சர்வர் நடுவயதுக்காரர், தோளில் துண்டு. தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். பெரியவர்களுக்கு டீ கொண்டுவர மறந்தாலும் குழந்தைகளை வேடிக்கை பார்க்க மறக்காத ரகம்.

பழக்கதோஷத்தில் கிச்சடியை விரலில் தொட்டு நீட்டினேன். “நக்கு கண்ணா.”

“நக்கோ!” என்றான் ரஞ்சன். கை தட்டினான்.

“நக்கோவா?”

“நக்கோ! நக்கோ!”

நான் தட்டை நகர்த்தக் கை வைத்தேன். அதே நேரம் மறுபக்கத்தில் சர்வரும் தட்டைப் பிடித்தார். “நக்கோ போல்ரா பச்சா. லேகே ஜாவ்ம்?” பிள்ளை வேண்டாம் என்கிறான், எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்கிறார். ஹைதராபாத் மொத்தமும் சேர்ந்து தட்டைத் தூக்கியது.

ரோகிணி எங்கள் இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்தாள்.

“எங்க எடுத்துட்டுப் போறீங்க? பிள்ள நக்கணும்னு கேக்குது லா!”

“நக்கோ போல்ரா மேடம்,” என்றார் சர்வர்.

“அதான், நக்கோ, நக்கோன்னு கேக்குதுல்ல? நக்கக் குடுக்கணும். தேவா, நீங்கதான இப்ப நக்குன்னு சொன்னீங்க? அதத்தான் பிள்ள திருப்பிச் சொல்லுது!”

நான் சர்வரைப் பார்த்தேன். சர்வர் என்னைப் பார்த்தார். இருவருக்கும் நக்கோ என்றால் வேண்டாம். அதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை. பத்து மாதக் குழந்தைக்கு ‘நக்கு’ என்று முடிக்க வராது, ‘நக்கோ’ என்றுதான் வரும் என்பதைக் கிள்ளானிலிருந்து வந்த ஒருத்திதான் கேட்டாள். திருச்சியிலிருந்து வந்திருந்தாலும் கேட்டிருப்பாள். மதுரைக்காரன் கேட்டிருப்பான். லாலாகுடாக்காரனுக்கு மட்டும் கேட்காது.

அவள் கிச்சடியை விரலில் எடுத்து நீட்டினாள். ரஞ்சன் விரலோடு விழுங்கினான். அடுத்தது. அதற்கடுத்தது. கட்டாவில் ஒரு துளி தொட்டு வைத்தாள், முகத்தைக் கோணிக்கொண்டு, “நக்கோ!” என்று மறுபடி கேட்டான். சர்வர் பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். “தேகோ, நக்கோ நக்கோ போல்கே கா ரா!” வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தின்கிறானாம். அந்த மேசை சிரித்தது. எதிர் மேசை சிரித்தது. கல்லாவில் இருந்தவரும் எழுந்து பார்த்தார்.

ரோகிணி மட்டும் சிரிக்கவில்லை. ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

“வீட்லயும் இப்படித்தான் சொல்லுமா?”

“ஹவ்,” என்றேன். தமிழை இஸ்திரி போட நேரமில்லை.

“நீங்க தட்ட எடுத்துருவீங்க?”

“மூணு தடவை சொன்னா.”

“எடுத்ததும்?”

“அழுவான்.”

அவள் விரல் கிச்சடியிலேயே நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னாள். “பிள்ளைக்கு ஒரே ஒரு சொல்லுதான் தெரியும். அதையே நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க. எனக்கு எவ்ளோ சொல்லு தெரியும் தேவா. அதுல எத்தனைய தப்பா எடுத்திருப்பீங்க?”

எனக்கு ‘பசியாறிட்டீங்களா’ ஞாபகம் வந்தது. ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, டீ வந்துவிட்டது.

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். குழந்தை சாப்பிட்டுவிட்டான். ஒப்பந்தப்படி டிக்கெட் ரத்தாக வேண்டும். வெறும் சிரிப்புக் கதை எழுதுகிறவன் இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போவான்.

ஆனால் இன்று இருபதாம் தேதி, புதன். திங்களிலிருந்து ரஞ்சன் மூன்று வேளையும் சாப்பிடுகிறான். காலையில் எடை பார்த்தேன், ஏழு எண்ணூறு. பெட்டி கூடத்தில் திறந்தபடியே கிடக்கிறது. ரோகிணி டிக்கெட்டை ரத்து செய்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. கேட்டால் அவள் ஒரு பதில் சொல்வாள். அதை நான் தப்பாகப் புரிந்துகொள்வேன். அந்தப் பயம்தான்.

அதனால் முடிவுகளைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. அவள் போய்விடுகிறாள். நான் இங்கிருந்து தினமும் வீடியோவில் கரண்டியை நீட்டுகிறேன். ரஞ்சன் இருபது பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து, வேண்டாம் என்பதற்கு மலாய்ச் சொல்லைக் கற்றுக்கொண்டு, அதை முதலில் என்னிடம்—

இதைத் தொடரப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு. அவள் போகவில்லை. பெட்டி பரணுக்கு ஏறுகிறது. ரஞ்சன் இருவர் விரலையும் மாறி மாறிச் சப்புகிறான். இதில் இனிப்பு அதிகம். ஒரு வயதுக்குள் சர்க்கரை கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

முடிவு மூன்று. மூவரும் கிள்ளானுக்குப் போகிறோம். நான் அங்கே வெளிநாட்டுக்காரனாகி, அடக்கமாக, ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக் கேட்டு— அருமையான முடிவு. என்னிடம் பாஸ்போர்ட் இல்லை.

இவ்வளவையும் இன்று காலை ரோகிணி படித்துவிட்டாள். ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில், நின்றபடியே, கையில் டிபன் டப்பாவோடு. இரண்டு இடத்தில் றகரத்தைத் திருத்தினாள். ஸ்டெல்லா ஆன்ட்டி பகுதியில் சிரித்தாள். ஆறாவது பகுதியைப் படிக்கும்போது சிரிக்கவில்லை.

“அதென்னா மூணு முடிவு? எம்பேர்ல மூணு எழுதியிருக்கீங்க, என்கிட்ட ஒண்ணுகூடக் கேக்கல?”

“கேக்கலாமா?”

“கேளுங்க லா. வாய் இருக்குல்ல?”

கேட்டேன். ஏழு வருடம் முன்பின் தெரியாதவர்களிடம் ‘நான் எப்படி உதவலாம்’ என்று ராத்திரிக்கு அறுபது முறை கேட்டவன், இதை அவள் டிபன் டப்பாவைப் பார்த்துத்தான் கேட்டேன்.

“நாளைக்குப் போறியா?”

கீழே கேப் ஹார்ன் அடித்தது. அவள் செருப்பை மாட்டினாள். ரஞ்சன் தலையில் முத்தம் கொடுத்தாள். கதவைப் பாதி சாத்திவிட்டு, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

“வரேன்.”

போய்விட்டாள்.

8

வரேன்.

தமிழில் யாரும் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லமாட்டார்கள். வரேன் என்றுதான் சொல்வார்கள். ஆக, ஆபீசுக்குக் கிளம்புகிறவள் தினமும் சொல்வதைச் சொன்னாள், என் கேள்வி அவள் காதில் விழவேயில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அல்லது, போறியா என்ற கேள்விக்கு வரேன் என்றால், போகிறேன், ஆனால் திரும்பி வருவேன், ஆறு மாதத்தில். அல்லது, போகவில்லை, சாயங்காலம் வந்துவிடுகிறேன், பெட்டியை மூடி வை. மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன. மூன்றும் நல்ல தமிழ். கிள்ளானிலும் லாலாகுடாவிலும் இதை ஒரே மாதிரிதான் சொல்கிறோம். அதனால் இந்தத் தடவை ஊரின்மேல் பழிபோட வழியில்லை.

நான் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். அவள் சொன்ன முதல் சொல்லைத் தப்பாக எடுத்துக் கல்யாணம் செய்துகொண்டேன். மகன் சொன்ன முதல் சொல்லைத் தப்பாக எடுத்து அவனைப் பட்டினி போட்டேன். மூன்றாவது சொல்லை என்னிடம் கொடுக்கக் கூடாது. இதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். சொன்னால் அதிலும் என் அர்த்தம் ஒட்டிக்கொள்ளும். கதவைப் பாதி சாத்தினாள், நேராகப் பார்த்தாள், வரேன் என்றாள். என்னிடம் இருக்கும் ஆதாரம் அவ்வளவுதான். விமானம் நாளை காலை பத்தே காலுக்கு.

நிதானமாக யோசியுங்கள். ரஞ்சன் வாயைத் திறந்துவிட்டான். சாப்பிடவா, அழவா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.